ஒலியை நிறுத்துவதும் ஓட்டத்தை நிறுத்துவதும்: ஆண்ட்ராய்டின் பணிச் சுயவிவரம் குறித்து ஒரு மதிப்பீடு

சொந்தக் கைப்பேசியில் அலுவலக மின்னஞ்சலை வைத்திருப்பவர்கள் வேலை நேரத்துக்குப் பிறகு அதிலிருந்து விலகியிருக்க உதவுவதாகச் சொல்லும் வசதிகள் இன்று ஏராளமாக இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை அஞ்சல் வந்ததைத் தெரிவிக்கும் ஒலியையும் திரையில் எழும் அறிவிப்பையும் மட்டுமே நிறுத்துகின்றன. அஞ்சல் வழக்கம்போலக் கைப்பேசிக்குள் வந்து இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் ஒர்க் புரொஃபைல் என்ற பெயரில் அறியப்படும் பணிச் சுயவிவரம் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. அது அஞ்சல் செயலியின் இயக்கத்தையே நிறுத்திவிடுகிறது. இந்த வசதியை நெடுநாளாகப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையிலும், ஐபோனில் இருக்கும் மாற்று ஏற்பாடுகளையும் அஞ்சல் செயலிகளின் சொந்த அமைப்புகளையும் இதனுடன் ஒப்பிட்டுப் பார்த்தவன் என்ற முறையிலும், இதன் நிறைகுறைகளை இங்கே எழுதுகிறேன்.

ஒலியை நிறுத்துவதற்கும் ஓட்டத்தை நிறுத்துவதற்கும் இடையிலான வேறுபாடு முதலில் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஒலி நின்ற பிறகும் அஞ்சல் செயலியின் மூலையில் சிவப்பு வட்டத்துக்குள் எண் ஏறிக்கொண்டேதான் இருக்கும். படம் எடுக்கவோ பாட்டுக் கேட்கவோ கைப்பேசியைத் திறப்பவரின் கண்ணில் அந்த எண் படாமல் போகாது. பட்டபின் அது யாரிடமிருந்து வந்தது, என்ன கேட்கிறது என்ற எண்ணம் எழாமலும் இருக்காது. அந்த நிலையில் அஞ்சலைத் திறக்காமல் இருப்பதே ஒரு வேலையாகிவிடுகிறது. மின்னஞ்சலுக்கும் மன அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த கோஸ்டாடின் குஷ்லெவ், எலிசபெத் டன் ஆகியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், 124 பேர் ஒரு வாரம் நாளுக்கு மூன்று முறை மட்டும் அஞ்சல் பார்க்கும்படியும் மற்றொரு வாரம் விரும்பியபோதெல்லாம் பார்க்கும்படியும் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். கட்டுப்பாடு இருந்த வாரத்தில் அவர்களுடைய அன்றாட அழுத்தம் குறைவாக இருந்தது. அதற்கு முன்பே, 2012இல், குளோரியா மார்க் தலைமையிலான குழுவினர் 13 அலுவலர்களுக்கு ஐந்து வேலை நாட்கள் மின்னஞ்சலையே துண்டித்து, அவர்களுடைய இதயத்துடிப்பை அளந்து, அழுத்தம் தணிந்ததையும் அவர்கள் ஒரே வேலையில் கூடுதல் நேரம் நிலைத்திருந்ததையும் கண்டார்கள். இவை பெரிய ஆய்வுகள் அல்ல. கைப்பேசியை மட்டும் தனியே எடுத்து ஆராய்ந்தவையும் அல்ல. எனினும், இரண்டிலும் அஞ்சல் குறைந்தது அந்தந்த நேரத்து மனக்கட்டுப்பாட்டால் அல்ல, முன்கூட்டியே வகுக்கப்பட்ட ஏற்பாட்டால் என்பது கவனிக்கத்தக்கது. கைப்பேசி வசதி ஒன்றை மதிப்பிடும்போது நான் முதலில் பார்ப்பதும் அதைத்தான்: என் கையை நானே பிடித்துவைத்துக்கொள்ள வேண்டிய தேவையை அது நீக்குகிறதா?

பணிச் சுயவிவரம் 2014இல் வந்த ஆண்ட்ராய்டின் ஐந்தாம் பதிப்பில் அறிமுகமானது. பயனரே அதை ஒரு பொத்தானால் நிறுத்தி வைக்கும் வசதி 2016இல், ஏழாம் பதிப்பில், சேர்ந்தது. நிறுவனத்தின் கணக்கைக் கைப்பேசியில் சேர்க்கும்போது, நிறுவனத்தின் மேலாண்மைச் செயலி கைப்பேசிக்குள் தனியொரு பகுதியை உருவாக்குகிறது. அலுவலக அஞ்சல், நாட்காட்டி, கோப்புகள், உரையாடல் செயலி ஆகியவை அந்தப் பகுதிக்குள் மட்டுமே இயங்குகின்றன. செயலிகளின் பட்டியலில் அவை தனித் தாவலில் இடம்பெறுகின்றன. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு சிறு கைப்பெட்டிச் சின்னம் இருக்கும். ஒரே அஞ்சல் செயலி இரண்டு பக்கமும் இருந்தாலும் இரண்டும் ஒன்றையொன்று அறியா. சொந்தக் கடிதத்தைத் தேடும்போது அலுவலகக் கடிதம் குறுக்கே வராது என்பது, இந்த வசதியின் விளம்பரங்களில் அதிகம் பேசப்படாத, ஆனால் அன்றாடத்தில் மிகவும் உதவுகிற பலன்.

திரையின் மேலிருந்து இழுத்தால் வரும் விரைவு அமைப்புகளில் பணிச் செயலிகளுக்கான பொத்தான் ஒன்று இருக்கிறது. அதை அழுத்தியதும் அந்தப் பகுதி முழுவதும் உறங்கிவிடுகிறது. சின்னங்கள் சாம்பல் நிறமாகின்றன. செயலிகள் பின்னணியில் இயங்குவதில்லை. புதிய அஞ்சல் இறங்குவதில்லை. அறிவிப்பும் வருவதில்லை, எண்ணும் ஏறுவதில்லை. அஞ்சல் சேவையகத்தில் அது பாட்டுக்குக் காத்துக்கிடக்கும், அனுப்பியவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது. மறுநாள் பொத்தானைத் திரும்ப அழுத்தும்போது சேர்ந்திருந்த அஞ்சல்கள் அனைத்தும் ஒரேயடியாக வந்து குவியும், அறிவிப்புகளும் வரிசைகட்டும். அந்தச் சில நிமிடங்கள் இனிமையானவை அல்ல. அந்த நேரத்தில் கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டு, கணினியின் முன் அமர்ந்து அஞ்சல்களைப் பார்ப்பதே நல்லது என்பது என் அனுபவம்.

இந்த வசதியின் முதன்மையான பலவீனம், மீண்டும் திறப்பது மிகவும் எளிது என்பதுதான். சாம்பல் நிறச் சின்னம் ஒன்றைத் தொட்டால், பணிச் செயலிகளை இயக்கவா என்று கைப்பேசி பணிவோடு கேட்கும்; ஆம் என்றால் அவ்வளவுதான். ஆனால் இதற்கு அமைப்புகளுக்குள்ளேயே ஒரு மாற்று இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. கைப்பேசிக்கும் பணிச் சுயவிவரத்துக்கும் ஒரே பூட்டைப் பயன்படுத்தும் தேர்வை நீக்கிவிட்டு, பணிப் பகுதிக்கென்று தனிக் கடவுச்சொல் வைத்துக்கொள்ளலாம். அதன்பின் நிறுத்தி வைத்த பகுதியைத் திறக்க அந்தக் கடவுச்சொல்லை உள்ளிட்டாக வேண்டும். அதை நீளமானதாகவும், கைரேகையால் திறக்க முடியாததாகவும் வைத்தால், இரவு பத்து மணிக்குச் சும்மா எட்டிப் பார்க்கலாம் என்று தோன்றும் ஆசை, கடவுச்சொல்லை அடித்து முடிப்பதற்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. நான் பரிந்துரைப்பவற்றுள் முதலாவது இதுதான். நேரம் குறித்துத் தானாக நிறுத்தி, தானாகத் தொடங்கும் வசதியும் டிஜிட்டல் வெல்பீயிங் என்ற பகுதியில் சில கைப்பேசிகளில் உண்டு. எல்லாத் தயாரிப்பாளர்களும் அதைத் தருவதில்லை. இருந்தால் மாலை நிறுத்துவதற்கு மட்டுமல்லாமல் காலையில் தொடங்குவதற்கும் அதைப் பயன்படுத்துவது நல்லது. ஏனெனில் நாட்காட்டியும் அந்தப் பகுதிக்குள்தான் இருக்கிறது. அது உறங்கும்போது கூட்டங்களுக்கான நினைவூட்டலும் சேர்ந்தே உறங்கிவிடும். அதிகாலைக் கூட்டம் உள்ளவர்கள் சாதாரணக் கடிகாரத்தில் தனியாக ஓர் எச்சரிக்கை வைத்துக்கொள்வது அவசியம்.

நிறுவனத்தின் மேலாண்மைச் செயலியைச் சொந்தக் கைப்பேசியில் ஏற்றுவதற்குப் பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் முழுவதும் அடிப்படையற்றதல்ல. ஆனால் அது பெரும்பாலும் பழைய முறைக்குப் பொருந்துவது. மைக்ரோசாஃப்டின் அலுவலக அஞ்சல் சேவையான எக்ஸ்சேஞ்ச் கணக்கைக் கைப்பேசியின் உள்ளமைந்த அஞ்சல் செயலியில் நேரடியாகச் சேர்க்கும் பழைய வழியில், சாதன நிர்வாகி என்ற உரிமையை நிறுவனம் கேட்பது வழக்கம். அந்த உரிமையில் கைப்பேசியில் உள்ள அனைத்தையும் தொலைவிலிருந்தே அழிக்கும் அதிகாரமும் அடங்கும். குடும்பப் படங்களும் அதில் போய்விடும். பணிச் சுயவிவரத்தில், கைப்பேசி பயனருக்குச் சொந்தமானதாக இருக்கும்வரை, நிர்வாகியின் கை பணிப் பகுதிக்கு அப்பால் நீள்வதில்லை. சொந்தப் பக்கத்தில் என்னென்ன செயலிகள் இருக்கின்றன, என்ன படங்கள், யாருக்கு என்ன செய்தி என்பது அவர்களுக்குத் தெரியாது. கைப்பேசியின் மாதிரி, இயங்குதளத்தின் பதிப்பு, திரைப்பூட்டு இருக்கிறதா என்பன போன்றவை தெரியும். வேலையை விட்டு விலகினால் பணிப் பகுதி மட்டும் அழிக்கப்படும். ஆகவே அலுவலக அஞ்சல் எப்படியும் கைப்பேசியில் இருந்தாக வேண்டும் என்றால், கணக்கை நேரடியாகச் சேர்ப்பதைவிட இந்த வழி பாதுகாப்பானது. நிறுவனமே வாங்கிக்கொடுத்த கைப்பேசிக்கு இந்த உறுதிமொழிகள் அப்படியே பொருந்தா. அதில் பணிப் பகுதியை எவ்வளவு காலம் நிறுத்தி வைக்கலாம் என்பதற்குக்கூட நிறுவனம் வரம்பு விதிக்க முடியும்.

நிறுவனம் இந்த வசதியை ஏற்பாடு செய்யாவிட்டால் பயனர் தாமாகவே அமைப்புகளிலிருந்து அதை உருவாக்கிக்கொள்ள முடியாது என்பது உண்மையான குறை. ஷெல்ட்டர், ஐலண்ட் போன்ற செயலிகள் அதே தொழில்நுட்பத்தைக் கொண்டு தனிப் பகுதியை அமைத்துத் தருகின்றன; ஆனால் ஒரு கைப்பேசியில் ஒரு பணிச் சுயவிவரம்தான் பொதுவாக இருக்க முடியும் என்பதால், பின்னர் நிறுவனம் தன்னுடையதை அமைக்க வரும்போது சிக்கல் எழும். தொழில்நுட்பத்தில் பழக்கமில்லாதவர்களுக்கு நான் இவற்றைப் பரிந்துரைக்கமாட்டேன். 2024இல் வந்த ஆண்ட்ராய்டு 15 பதிப்பில் சேர்ந்த பிரைவேட் ஸ்பேஸ் என்ற தனி அறை இதைவிட எளிது. வங்கிச் செயலி போன்றவற்றைப் பிறர் கண்ணிலிருந்து மறைக்கத்தான் அது உருவாக்கப்பட்டது; ஆனால் அதைப் பூட்டியவுடன் உள்ளிருக்கும் செயலிகளின் இயக்கமும் அறிவிப்புகளும் நின்றுவிடுவதால், அலுவலக அஞ்சலை அதற்குள் வைத்துப் பூட்டுவதும் நன்றாகவே பயன்படுகிறது. உங்கள் கைப்பேசியில் அது இருந்தால் வேறெதையும் தேட வேண்டியதில்லை.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு நேர் இணையான வசதி இல்லை. 2021இல் ஐஓஎஸ் 15 உடன் வந்த, அறிவிப்புகளைக் கட்டுப்படுத்தும் ஃபோக்கஸ் என்ற வசதி அழகாக வடிவமைக்கப்பட்டது. நேரத்தையும் இடத்தையும் வைத்துத் தானாகத் தொடங்கும். சின்னங்களின் மேல் உள்ள எண்களை மறைக்கும். அலுவலகச் செயலிகள் இல்லாத முகப்புப் பக்கத்தை மட்டும் காட்டச் சொல்லலாம். அடுத்த ஆண்டு சேர்ந்த வடிகட்டிகளைக் கொண்டு, ஆப்பிளின் அஞ்சல் செயலியில் குறிப்பிட்ட கணக்கை மட்டும் அந்த நேரத்தில் மறைத்துவைக்கவும் முடியும். வெளித்தோற்றத்தில் ஆண்ட்ராய்டின் ஏற்பாட்டைவிட இது நயமானது என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் இவை எல்லாம் மறைப்பவையே, எதுவும் நிறுத்துவதில்லை. உடனே கவனிக்க வேண்டியவை என்று செயலிகள் குறியிடும் அறிவிப்புகளுக்கு அனுமதி கொடுத்திருந்தால் அவை ஃபோக்கஸையும் மீறி வரும். வேறு நிறுவனங்களின் அஞ்சல் செயலிகள் அந்த வடிகட்டிக்கு இணங்கும்படி எழுதப்பட்டிருந்தால்தான் அது அவற்றில் வேலைசெய்யும்.

ஐபோனில் நான் அதிகம் மதிப்பது, ஃபோக்கஸ் வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே இருக்கும் இரண்டு பழைய அமைப்புகளைத்தான். அஞ்சல் கணக்குகளுக்கான பகுதியில், புதிய தரவைப் பெறும் முறையை ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியே மாற்றலாம். அலுவலகக் கணக்குக்கு அதைக் கைமுறை என்று மாற்றிவிட்டால், நாமாகச் செயலியைத் திறந்து கேட்கும்வரை அஞ்சல் கைப்பேசிக்கு வராது. அதைவிடக் கண்டிப்பானது, கணக்கை நீக்காமல் அதன் அஞ்சலை மட்டும் அணைத்துவிட்டு, நாட்காட்டியையும் தொடர்புகளையும் வைத்துக்கொள்வது. அலுவலகக் கணக்கைக் கைப்பேசியிலிருந்து எடுக்கத் தயங்குபவர்களில் பலர் நாட்காட்டிக்காகத்தான் தயங்குகிறார்கள். நாளைய கூட்டம் எத்தனை மணிக்கு என்பது தெரிய வேண்டும், மற்றபடி ஒன்றும் வேண்டாம் என்பவர்களுக்கு இந்த ஒற்றை அமைப்பே போதும்.

அஞ்சல் செயலிகளுக்குள் இருக்கும் அமைப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மைக்ரோசாஃப்டின் அஞ்சல் செயலியான அவுட்லுக்கில் மாலையிலும் வார இறுதியிலும் தொந்தரவு செய்யாதிருக்கும்படி அட்டவணை இடலாம். அதன் உரையாடல் செயலியான டீம்ஸில் அமைதி நேரம் உண்டு. ஜிமெயிலில் ஒவ்வொரு கணக்குக்கும் அறிவிப்பை முழுவதுமாக நிறுத்தலாம், அல்லது முக்கியமானவற்றுக்கு மட்டும் வைக்கலாம். எல்லாமே ஒலியை நிறுத்துபவை. இவற்றுள் முக்கியமானவை மட்டும் என்ற தேர்வை நான் தவிர்க்கச் சொல்வேன். எது முக்கியம் என்பதை இயந்திரம் முடிவுசெய்கிறது என்றால், அது சரியாகச் செய்ததா என்று பார்க்கும் கவலை நமக்கு மிஞ்சுகிறது.

எல்லாவற்றையும்விடத் துப்புரவான வழி, அலுவலகக் கணக்கைச் சொந்தக் கைப்பேசியிலிருந்து அறவே எடுத்துவிடுவது. அதற்கு எந்தக் கூடுதல் செயலியும் தேவையில்லை, பணமும் தேவையில்லை. நீக்குவதால் சேவையகத்தில் உள்ள அஞ்சல்கள் அழிவதில்லை. அவசியம் நேர்ந்தால் உலாவி வழியாக உள்ளே செல்லலாம், கடவுச்சொல்லை உலாவியில் சேமிக்காமல் இருந்தால் அந்த வழியும் தேவையான அளவு தொல்லைமிக்கதாகவே இருக்கும். ஆனால் நீக்குவதற்கு முன் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. இன்று பல நிறுவனங்களில் கணினியில் உள்நுழைவதற்கே, உள்நுழைபவர் யார் என்பதை உறுதிசெய்யும் ஆதென்டிகேட்டர் என்ற கைப்பேசிச் செயலியின் ஒப்புதல் தேவைப்படுகிறது. பணிச் சுயவிவரத்துக்குள் அந்தச் செயலி இருந்தால், சுயவிவரத்தை நீக்கும்போது அதுவும் போய்விடும். மறுநாள் காலையில் கணினியின் கதவும் அடைபட்டிருக்கும். முதலில் சொந்தப் பக்கத்தில் அந்தச் செயலியை நிறுவி, கணக்கை அதில் பதிவுசெய்து, ஒருமுறை சோதித்துப் பார்த்தபின் நீக்குவதே முறை. கைப்பேசியை அலுவலகத்தோடு தொடர்பே இல்லாமல் வைத்துக்கொள்ள விரும்புபவர்கள், யூஎஸ்பி துளையில் செருகும் பாதுகாப்புச் சாவியை நிறுவனம் ஏற்குமா என்று கேட்டுப் பார்க்கலாம். பணிப் பகுதியில் மட்டும் சேமித்த கோப்புகளும் சுயவிவரத்தோடு அழியும் என்பதால் அவற்றையும் முன்பே மேகச் சேமிப்பில் ஏற்றிவிட வேண்டும்.

இரண்டாவது கைப்பேசி வைத்துக்கொள்வது பற்றியும் கேட்கிறார்கள். நிறுவனம் வாங்கித் தருமானால் மறுக்க வேண்டாம். சொந்தப் பணத்தில் வாங்க வேண்டியதில்லை. ஒரே கைப்பேசிக்குள் கிடைக்கும் பிரிவுக்காக இரண்டு சாதனங்களுக்கு மின்னேற்றம் செய்து திரிவது வீண்வேலை.

எந்த வசதியாக இருந்தாலும் அதற்கு அஞ்சல்மீது மட்டுமே ஆதிக்கம் உண்டு. அஞ்சலுக்குப் பதில் வராததைக் கண்ட மேலாளர் சொந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினால், அது சொந்தப் பக்கத்தில்தான் வந்து விழும். பணிச் சுயவிவரம் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். அதனால்தான் சில இடங்களில் கட்டுப்பாட்டைக் கைப்பேசியில் அல்லாமல் அனுப்பும் முனையிலேயே வைத்தார்கள். ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் 2011இல் ஜெர்மனியில் தன் ஊழியர்களில் ஒரு பகுதியினருக்கு, வேலை நேரம் முடிந்து அரை மணி நேரத்தில் பிளாக்பெர்ரி கைப்பேசிகளுக்கு அஞ்சல் செல்வதைச் சேவையகத்திலேயே நிறுத்தி, மறுநாள் வேலை தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன் திறந்துவிட ஒப்புக்கொண்டது. 2021இல் போர்ச்சுகல் இயற்றிய சட்டம், வேலை நேரத்துக்கு அப்பால் ஊழியரைத் தொடர்புகொள்ளாமல் இருக்கும் கடமையை முதலாளியின்மேல் சுமத்தியது. 2017 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த பிரான்சின் சட்டம், 50 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் இதைப் பற்றி ஊழியர்களுடன் பேச்சு நடத்த வேண்டும் என்றது. 2024 ஆகஸ்ட் 26 முதல் ஆஸ்திரேலியாவில் உள்ள உரிமை வேறுவிதமானது: அனுப்புவதை அது தடுக்கவில்லை, நியாயமற்றது என்று கருதப்படும் மறுப்புகள் நீங்கலாக, ஊழியர் அஞ்சலைக் கவனிக்காமலும் படிக்காமலும் பதில் எழுதாமலும் இருக்கலாம் என்கிறது. அதாவது அங்கே கதவைச் சாத்த வேண்டியவர் ஊழியர்தான். அத்தகைய உரிமை உள்ளவருக்குப் பணிச் சுயவிவரம் பொருத்தமான கருவி. எந்த உரிமையும் இல்லாதவர், அதை அமைப்பதற்கு முன், மாலைக்குப் பிறகு அஞ்சல் பார்ப்பதில்லை, அவசரமென்றால் அழைக்கலாம் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டு அமைப்பது உத்தமம். அழைப்பதற்கு மனிதர்கள் தயங்குவார்கள். அஞ்சல் எழுதத் தயங்குவதில்லை. அவசரம் என்று குறியிட்ட அஞ்சல்களில் எத்தனை அழைப்பாக மாறுகின்றன என்பதைப் பார்த்தாலே அந்தக் குறியின் மதிப்பு விளங்கிவிடும்.

முறை வைத்து இரவில் பொறுப்பேற்கும் தொழில்நுட்பப் பணியாளர்கள், மருத்துவமனைப் பணியாளர்கள் போன்றோர் பணிப் பகுதியை நிறுத்தி வைக்க முடியாது என்று சொல்வது உண்டு. பொறுப்பில் இருக்கும் இரவுகளுக்கு அது சரி. ஆனால் அவர்களை எழுப்ப வேண்டிய செய்தி அஞ்சலில் வருவதே தவறான ஏற்பாடு. அதற்கென்று தனி எச்சரிக்கைச் செயலியோ அழைப்போ இருக்க வேண்டும், அந்தச் செயலி சொந்தப் பக்கத்தில் நிறுவப்பட வேண்டும். அப்படி நிறுவிவிட்டால் பொறுப்பில் உள்ள இரவிலும் அஞ்சல் பகுதியை உறங்கவிட்டு, எச்சரிக்கை வந்தால் மட்டும் எழுந்து திறக்கலாம்.